வன்னிச் சொல் சேர்க்கப் புறப்படுகிறவர்களுக்கு

பிடித்த சொல் ஒன்றை நாலு பேருக்குச் சொல்லிக் காட்ட வேண்டும் என்ற ஆசையில்தான் நானும் தொடங்கினேன். வட இலங்கையின் வன்னியில், முள்ளியவளையில் உறவினர் வீட்டில் ‘வளந்து’ என்றொரு சொல் காதில் விழுந்தது. அம்மனுக்குப் பொங்கும் பெரிய பானைக்கு அந்தப் பெயர். அதிலிருந்து தொடங்கி, ஏறத்தாழ 180 சொற்களோடு 48 பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் கைக்கு வர எனக்கு இரண்டு வருடமும் சில மாதமும் பிடித்தது. வழி தெரிந்திருந்தால் பத்து மாதத்தில் முடித்திருப்பேன். வீணாய்ப் போன காலத்துக்குள், திரும்ப வருகிறேன் என்று நான் சொல்லிவிட்டு வந்த மூன்று முதியவர்கள் காலமாகிவிட்டார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். நீங்கள் பிந்தக் கூடாது.

1. ஓர் ஊர், ஒரு வேலை என்று சுருக்குங்கள்

‘வன்னிச் சொற்கள்’ என்று பொதுவாகப் புறப்பட்டால் எங்கும் போய்ச் சேரமாட்டீர்கள். குளமும் வயலும், காடு, கடல், கோயில், அடுக்களை. இவற்றில் ஒன்றை எடுங்கள். மல்லாவி, துணுக்காய், பாண்டியன்குளம் பக்கம் என்றால் குளமும் வயலும். முல்லைத்தீவுக் கரை என்றால் கடல். கண்ணகி அம்மன் கோயில் உள்ள வற்றாப்பளையைச் சுற்றி என்றால் அம்மனுக்குப் பொங்கும் சடங்கு. சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்துக்குள் இருப்பது நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் குறைந்தது மூன்று தடவை போகவேண்டி வரும்.

நான் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தொடங்கி, ஆறு மாதத்துக்குப் பிறகு பாதியைக் கைவிட்டேன்.

2. போகும் காலம்

மழையோடு காலபோக (பெரும்போக) நெல் விதைப்பு. ஐப்பசி, கார்த்திகையில் கமக்காரரைப் பிடித்து வைத்துச் சொல் கேட்பது பாவம். தை, மாசியில் அறுவடை. அப்போது வயலில் நின்று பார்க்கலாம், கேள்வி கேட்கக் கூடாது. பங்குனி நடுவிலிருந்து சித்திரை முடியும் வரை ஆட்கள் ஓரளவு ஆறுதலாக இருப்பார்கள். பெரிய குளங்களுக்குக் கீழே சிறுபோகம் தொடங்கிவிட்டால் அங்கே மறுபடி நேரமில்லை.

கடற்கரையில் கணக்கு வேறு. வாடைக்காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்கும் மார்கழியில் தொழிலுக்குப் போகமுடியாமல் ஆட்கள் கரையில் வலை பொத்திக்கொண்டிருப்பார்கள். அதுதான் உங்கள் நேரம். அம்மன் பொங்கல் சடங்குச் சொற்களுக்கு வைகாசி. ஆனால் திருவிழா அன்று போய்க் கேட்காதீர்கள். அதற்கு முந்திய நாட்களில் நடக்கும் பாக்குத்தெண்டல் என்ற தொடக்கச் சடங்கிலிருந்து பேசாமல் பார்த்திருந்து, எல்லாம் முடிந்த பிறகு கேளுங்கள்.

நாளில் என்றால் பகல் சாப்பாட்டுக்குப் பின், வெயில் தணியும் வரை. அந்த நேரத்தில் முற்றத்து வேம்பின் கீழ் ஒரு வாங்கு காலியாக இருக்கும்.

3. கொண்டுபோக வேண்டியவை

80 பக்கக் கொப்பி இரண்டு, பேனை இரண்டு, ஒலிப்பதிவு செய்யும் போன் ஒன்று. மின்சாரம் உள்ள வீடாயிருந்தாலும் சார்ஜ் கேட்கவேண்டிய நிலையில் போகாதீர்கள். உங்கள் அடையாள அட்டை கட்டாயம். புதிய ஊர் என்றால் கிராம அலுவலரிடமோ, கமக்கார அமைப்பின் தலைவரிடமோ, முதியோர் சங்கத்திடமோ முன்கூட்டிப் போய், என்ன செய்கிறேன் என்று சொல்லி, ஒரு பக்கக் கடிதம் கொடுத்து வையுங்கள். பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் இருப்பார். ஊரில் யாருக்குக் கூத்துத் தெரியும், யாருக்கு மருந்து தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் அரை மணி நேரம் இருந்தால் பல நாள் அலைச்சல் மிச்சம்.

வெறுங்கையோடு போகவேண்டாம். வெற்றிலை பாக்கு, ஒரு பெட்டி பிஸ்கட், தேயிலைப் பக்கற் போதும். காசு கொடுக்காதீர்கள். ஒரு வீட்டில் கொடுத்தால் அடுத்த வீட்டில் சொல் கூடும், உண்மை குறையும்.

4. வாசலில் சொல்ல வேண்டியதும், ஒரு தாளும்

கொப்பியும் பேனையுமாக ஒருவர் படலையைத் திறந்தால் இங்கே இரண்டு எண்ணம்தான் வரும். ஒன்று, ஏதோ உதவிக்குப் பெயர் பதிகிறார்கள். மற்றது, யாரோ விசாரிக்க வந்திருக்கிறார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு எத்தனை படிவம், எத்தனை கையெழுத்து என்று அந்த மனிதர்களுக்கே கணக்கில்லை. ஆகவே முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்: “நான் நிவாரணத்துக்கு வரேல்லை. வீட்டுத் திட்டத்துக்கும் இல்லை. பழைய சொல்லு கேட்டு எழுதத்தான் வந்தனான்.”

நான் இதைச் சொல்லத் தவறிய வீட்டில், ஓர் அம்மா ஒன்றரை மணி நேரம் பொறுமையாகச் சொல்லிவிட்டு, எழும்பும்போது “எப்ப பிள்ளை வீடு தருவினம்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. உங்களுக்கு அது நேர வேண்டாம்.

ஒப்புதல் தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. என்னுடையதில் நாலு வரிதான் இருந்தது: நான் சொல்லும் சொற்களையும் விளக்கத்தையும் புத்தகத்தில் போடலாம். என் பெயரைப் போடலாம் / போட வேண்டாம். என் குரலை மற்றவர்களுக்குக் கேட்கக் கொடுக்கலாம் / கொடுக்க வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் என் பகுதியை எடுத்துவிடச் சொல்லலாம். அடியில் திகதி, ஊர், கையெழுத்து. கையெழுத்து வைக்கத் தயங்குகிறவரை வற்புறுத்தாதீர்கள். தாளை வாசித்துக் காட்டி, அவர் சம்மதத்தைக் குரலாகப் பதிந்துகொள்ளுங்கள். தாளின் ஒரு படியை அவரிடமே விட்டு வாருங்கள்.

5. சொல்லைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள்

இதற்காகத்தான் முழுக் கட்டுரையும். நேரமில்லாதவர்கள் இதை மட்டும் வாசித்தாலும் போதும்.

“பழைய சொல்லு ஏதும் தெரியுமா ஐயா?” என்று கேட்டால் “என்னத்தைப் பழசு, எல்லாம் இப்பத்தையான்தான்” என்று மறுமொழி வரும். அவருக்கு அது பழைய சொல்லே அல்ல, அவருடைய வாயில் தினமும் புழங்குவது. “முந்தி எப்பிடிச் சூடு மிதிச்சனீங்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். வெட்டிப் போட்ட நெற்கதிர்ப் பிடியான உப்பட்டியிலிருந்து தொடங்குவார். அதைச் சேர்த்துக் கட்டுவது, களத்துக்குக் கொண்டுபோவது, கதிரைக் குவித்துச் சூடு வைப்பது, எருமைகளை வளைத்து மிதிக்க விடுவது என்று போகும். களத்தில் நெல்லைப் ‘பொலி’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பார். நீங்கள் வாய் திறக்காமல் இருந்தால் பத்துச் சொல் தானாக வரும்.

வேலையோடு கேட்காததால் நான் விட்ட பிழை ஒன்றைச் சொல்கிறேன். ஒருவர் “வேலைகாரனாலை வைக்கலைக் கிளறிறது” என்றார். கூலிக்கு நின்ற ஆளைச் சொல்கிறார் என்று எண்ணி அப்படியே எழுதிவிட்டேன். இரண்டாம் தடவை போய் வாசித்துக் காட்டியபோது அவர் எழும்பிக் கொட்டிலுக்குள் போய், நுனி வளைந்த ஒரு நீளத் தடியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பிடித்த இடம் கண்ணாடிபோல வழவழத்துப் போயிருந்தது. “உதுதான் வேலைகாரன்.” கொப்பியில் இருந்தது ஒரு மனிதன். மடியில் கிடந்தது ஒரு தடி. அன்றிலிருந்து பொருள் இருந்தால் காட்டச் சொல்லிக் கேட்காமல் எந்தச் சொல்லையும் நான் முடிப்பதில்லை.

அலைகரையும் அப்படித்தான் தெளிந்தது. கரை என்றால் குளக்கட்டுத்தானே என்று நினைத்திருந்தேன். ஓர் அப்பு என்னைக் கட்டில் ஏற்றி நிறுத்தி, தண்ணீருக்கு அப்பால் மாடுகள் மேயும் பக்கமாகத் தடியை நீட்டினார். குளம் நிரம்பும்போது தண்ணீர் ஏறித் தொடும் அந்த எதிர்ப்பக்க ஓரம்தான் அலைகரை. நாங்கள் நின்றது கட்டு. காலுக்குக் கீழே, தண்ணீர் திறந்துவிடும் துருசு. கட்டின் கோடியில் வான். “குளம் வான் பாயுது” என்றால் மிஞ்சிய தண்ணீர் அதன்மேலால் வழிகிறது என்று பொருள், ஆகாயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நாலு சொல்லையும் நின்ற இடத்திலேயே கற்றேன், ஒன்றும் மறக்கவில்லை.

எடுத்துக் கேட்க உதவும் சில தொடக்கங்களைத் தருகிறேன். வரம்பில் தண்ணீர் விடும் வாயைக் காட்டச் சொல்லுங்கள், ‘வக்கடை’ வரும். (சிங்களக் கமக்காரரும் அதையேதான் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே தண்ணீரைப் பங்கிட்டதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தேவையில்லை.) முதல் நெல்லில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள், ‘புதிர்’ வரும். விடுகதையை மட்டுமே புதிர் என்று படித்த பிள்ளைகளுக்கு இது நல்ல அதிசயம். கிணறில்லாத இடத்தில் குடிதண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். ஓர் ஆச்சி எழும்பி, சிரட்டையால் முற்றத்து மணலை வாரி, முழங்கை ஆழத்தில் குழி காட்டினார். அது ‘பூவல்’. மணலில் ஊறும் தண்ணீர் தெளியும்வரை காத்திருந்து மேலால் மட்டும் அள்ள வேண்டும் என்றார். அந்தக் காத்திருப்பும் பொருளின் ஒரு பகுதிதான், அதையும் எழுதுங்கள்.

காட்டுப் பழங்களைப் பற்றிக் கேட்டால் முகமே மாறும். பாலைப்பழம், வீரைப்பழம், உலுவிந்தம்பழம் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டிப் பிடித்ததை ஒருவர் அறுபது வருடத்துக்குப் பிறகு உதட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்.

எச்சரிக்கை ஒன்று. கதை போகிற போக்கில் யுத்த காலத்துக்கு வரும். தறப்பாள், பங்கர், வேவு விமானத்துக்குச் சனம் வைத்த ‘வண்டு’ என்ற பெயர், எல்லாம் வரும். அவையும் நம் சொற்கள்தான். ஆனால் நீங்களாக அந்தப் பக்கம் இழுக்காதீர்கள். வந்தால் பதிவை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். முடிந்தபின் “இதைப் போடட்டோ?” என்று தனியாக இன்னொரு தடவை கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

6. சொன்னவரின் வேர் எந்த ஊர்?

வன்னியில் கேட்டதெல்லாம் வன்னிச் சொல் ஆகிவிடாது. பழைய ஊர்க்காரர் இருக்கிறார்கள். 1950களில் குளங்களையொட்டிய குடியேற்றத் திட்டங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். 1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் வந்து தங்கியவர்களும் உண்டு. ஒரே ஒழுங்கையில் நாலு தமிழ்.

காணியை ஏக்கரில் சொல்லாமல் பரப்பில் சொல்கிறவருக்குப் பெரும்பாலும் யாழ்ப்பாண வேர் இருக்கும் (16 பரப்பு ஓர் ஏக்கர்). பெரட்டு (வேலைக்கு ஆள் எண்ணுவது), லயம் (வரிசை வீடு) என்ற சொற்கள் வந்தால் மலையகத் தோட்டத்து வாழ்க்கை பின்னால் நிற்கிறது. இரண்டையும் தள்ளிவிடாதீர்கள். எங்கிருந்து வந்தது என்று குறித்துச் சேருங்கள். ஆனால் “நீங்கள் எந்த ஊர் ஆட்கள்?” என்று நேரே கேட்பது சிலரை நோகச் செய்யும். மலையகத்திலிருந்து வந்தவர்களை இங்கே பலர் வேற்றாளாகப் பார்த்தது அவர்களுக்கு மறந்துபோகவில்லை. “அம்மா சின்ன வயசிலை எந்தப் பள்ளிக்கூடம் போனவா?” என்று கேளுங்கள், தேவையானது கிடைக்கும்.

7. அன்றிரவே எழுதுங்கள்

ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டு எழுத எனக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. இரண்டு வாரம் விட்டால் யாருடைய குரல் என்பதே குழம்பும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஆறு விடயம் வேண்டும்: சொல், அவர் சொன்ன முழு வசனம், பொருள், எந்த வேலையில் அல்லது இடத்தில் வரும், சொன்னவரின் வயதும் ஊரும், கேட்ட திகதி. வசனத்தை விட்டுவிட்டால் மற்ற ஐந்தும் எலும்புக்கூடுதான்.

உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். அறுவடைக்கு ஒரு வீட்டில் அரிவி வெட்டு, அடுத்த வீட்டில் அருவி வெட்டு. இரண்டையும் ஊர்ப் பெயரோடு போடுங்கள். பன்றியைப் பண்டி என்று சொன்னவரைப் பன்றி என்று சொல்ல வைக்காதீர்கள்.

பிறகு அகராதி பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிக்கனை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். க்ரியாவின் அகராதியில் இலங்கை வழக்குகளைத் தனியாகக் குறித்திருக்கிறார்கள். இதைப் பார்க்காமல் ‘எங்கும் பதியப்படாத சொல்’ என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். கந்தோர் (அலுவலகம்), அலவாங்கு (கடப்பாரை) போன்றவற்றை ‘தூய பழந்தமிழ்’ என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். முதலாவது ஒல்லாந்தரிடமிருந்தும் மற்றது போர்த்துக்கேயரிடமிருந்தும் வந்தவை. அதனால் அவற்றின் மதிப்பு ஒரு சதமும் குறையாது, சரியாகக் குறித்தால் போதும். அகராதி விளக்கத்தை அப்படியே இறக்கி ஒட்டுவது மட்டும் வேண்டாம். கச்சான் என்ற சொல்லுக்கு நிலக்கடலை என்றும் மேல்காற்று என்றும் இரண்டு பொருள் உண்டு. உங்கள் ஆள் எதைச் சொன்னார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

8. திரும்பப் போய் வாசித்துக் காட்டுங்கள்

இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். எழுதியதை அவர் முன்னாலிருந்து உரத்து வாசியுங்கள். என் முதல் பிரதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இப்படித்தான் திருந்தியது. வீட்டுக்காரர் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பாருங்கள். ஒருவர் சொல்ல மற்றவர் மறுக்க, அந்தச் சண்டையில் வரும் சொற்கள்தான் மிக நல்லவை.

9. தட்டச்சு, அச்சு, செலவு

தொடக்கம் முதலே யூனிகோட்டில் தட்டுங்கள். அச்சகங்கள் பலவற்றில் இன்னும் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருத்தான். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். சாதாரணப் புத்தகத்தில் வாசகர் ஊகித்துக்கொள்வார், யாரும் அறியாத சொல்லை எப்படி ஊகிப்பார்? திரையில் பார்த்துச் சரி என்று சொன்னது என் தவறு. மாற்றியபின் சரிபார்க்காமல் அடித்தது அச்சகத்தின் தவறு. 100 படியும் பிழையாக வந்தன. செலவைப் பாதிப் பாதியாக ஏற்று மறுபடி அடித்தோம். எனக்கு 18,000 ரூபாவும் ஏழு கிழமையும் போயின. தாளில் அடித்த ஒரு மாதிரிப் படி கைக்கு வந்து, ஒவ்வொரு தலைச்சொல்லாகக் கொப்பியோடு ஒப்பிட்ட பின்தான் சம்மதம் சொல்லுங்கள்.

புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என் (பன்னாட்டு நூல் அடையாள) எண் வேண்டுமென்றால் கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அச்சுக்குப் போகுமுன் எண் கையில் இருக்கவேண்டும், ஏனென்றால் அது உள்ளேயும் பின்னட்டையிலும் வரவேண்டும். நம் நாட்டு எண்கள் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும், வந்ததும் பாருங்கள். அச்சகம் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் படிகள் அனுப்பவேண்டும் என்பது சட்டம். எத்தனை படி அதற்குப் போகும் என்று விலை பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு கணக்குக் குறையாது.

எனக்கு ஆன செலவு: கொப்பி, பேனை 600. பஸ், ஓட்டோ 9,500. வெற்றிலை, பிஸ்கட், தேயிலை 6,000. போட்டோக் கொப்பி 1,200. ஏ5 அளவில் 48 பக்கம், கறுப்பு வெள்ளை, 100 படி 36,000. தபால் 3,000. மொத்தம் 56,300 ரூபா, மறு அச்சுக்குப் போனது வேறு. 100க்கு மேல் அடிக்காதீர்கள். கட்டுக் கட்டாக வீட்டில் கிடந்து கறையான் தின்பதைப் பார்த்திருக்கிறேன்.

10. யாருக்குக் கொடுப்பது

முதல் படிகள் சொன்னவர்களுக்கு. தபாலில் அல்ல, நேரில். பிறகு பிரதேச சபை நூலகம், அந்த ஊர்ப் பள்ளிக்கூடம், கோயில். ஒரு படியை ‘நூலகம்’ என்ற பெயருள்ள நிறுவனத்துக்குக் கொடுத்தால் எண்ணிமமாக்கி இணையத்தில் வைப்பார்கள், எழுத்தில் அனுமதி கொடுக்க வேண்டும். தமிழ் விக்சனரியில் சொல்லைச் சேர்க்கலாம். ஆனால் அங்கே போட்டதை யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்பதால், ஒப்புதல் தாளில் ‘வேண்டாம்’ என்றவர்களின் விளக்கத்தை விட்டுவிடுங்கள்.

அச்சகத்திடம் பின்பக்கத்தில் நாலு வெற்றுப் பக்கம் விடச் சொல்லுங்கள்.  பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த படியைப் போன மாதம் போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கங்களில் பென்சிலால் பதினொரு சொல் எழுதியிருந்தது, நாலு பேருடைய கையெழுத்தில். அவற்றில் ஐந்து எனக்குத் தெரியாதவை. கொப்பியோடு அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகிறேன்.